பதினான்காம் இடம்

பாலோ செக்கோ ஏரிப் பூங்கா,
அரிசோனா.
12 அக்டோபர் 1988

அன்புள்ள தம்பி ரொஹேலியோவுக்கு,

அக்கா டெல்ஃபினா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது? ஆலை டாக்டர் கொடுத்த தைலம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், எனக்குத் தெரியும். அது பார்ப்பதற்கு இல்லை, தேய்ப்பதற்கு.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டேன். மேட்டில் எஞ்சின் கொதித்து, அரைமணி நேரம் ஒரு கள்ளிமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். கள்ளிமரத்துக்கு எவ்வளவு நிழல் இருக்கும் என்று உனக்கே தெரியும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து உட்கார்ந்ததில் நல்ல உடற்பயிற்சி.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தங்க இடம், கரண்ட், தண்ணீர் எல்லாம் இலவசம். பதிலுக்குக் கழிப்பறைகளைக் கழுவி, கூடாரம் போட வருகிறவர்களுக்கு இடம் காட்டி, யாராவது சண்டை போட்டால் விலக்கிவிட வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? இனி என் பாட்டுக்கு மீனையும் கழுகையும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

இங்கே பெரிய தகராறே இடம் பிடிப்பதில்தான். முன்பதிவு கிடையாது. முதல் ராத்திரி யார் படுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். சில பேர் நாற்காலியை மட்டும் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அதற்காக ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்: ‘நாற்காலி இடம் பிடிக்காது.’ ரேஞ்சர் வார்ட்லோ என் கையெழுத்தைப் பாராட்டினார்.

கரையோரம் பதினான்காம் இடம் இருக்கிறதே, நீயும் என் வீட்டுக்காரர் நாச்சோவும் எப்போதும் படகை இழுத்துக் கட்டுவீர்களே, அது இப்போது காலி. நவம்பரில் கிராப்பி மீன் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வரும். நீ வந்து ஒரு வாரம் இரு. இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மே மாதம் வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் பூங்காவில் ஆள் இருக்காது. நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். நாச்சோவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பா அம்மா வீட்டில் நீயும் நானும்தானே. நீ ஒருவனாக இருந்து வீட்டைக் குப்பைமேடாக்கிவிடாதே. என் அறையில் மீன்பிடிச் சாமானைக் கொட்டினால் தெரியும் சேதி.

உன் வரவை எதிர்பார்க்கும்,
டெல்ஃபினா


குளோப்,
30 அக்டோபர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

ரொஹேலியோ வணக்கம். உன் கடிதம் கண்டேன். நீ சுகமாக இருப்பது சந்தோஷம். என் முதுகும் சுகம். தைலம் தேய்க்கிறேன், நம்பு.

நவம்பரில் வர ஆசைதான். ஆனால் பிக்கப்பில் கியர் பெட்டி தகராறு. மெக்கானிக் இன்று நாளை என்று இழுக்கிறான். ஆலையிலும் இரண்டு பேர் விடுப்பில் போய்விட்டார்கள், உலை பக்கம் நான்தான். நீ இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சிரமப்படாதே.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். துடைத்து வைத்தாற்போல இருக்கிறது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். பாதிரியார் என்னை அடையாளம் தெரியாமல் புது ஆள் என்று நினைத்துக் கை குலுக்கினார். பார்த்துக்கொள்.

காட்டுக் கழுதைகள் இன்னும் அந்தக் கணவாய் வழியாகத்தான் தண்ணீர் குடிக்க வருகின்றனவா? ராத்திரியில் அவை கத்தினால் பயப்படாதே. உன் சத்தத்துக்கு அவைதான் பயப்பட வேண்டும்.

அன்புத் தம்பி,
ரொஹேலியோ


பாலோ செக்கோ,
18 நவம்பர் 1988

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் பிக்கப்பின் சுகத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

இஸ்திரி போட்ட சட்டை என்று எழுதியிருக்கிறாய். நீயா போட்டாய்? என் கல்யாணத்துக்கே கசங்கின சட்டையில் வந்தவன் நீ. எந்த லாண்டரியில் போட்டுக் காசைக் கரியாக்குகிறாயோ, தெரியவில்லை. போகட்டும், நன்றாக இருந்தால் சரி.

இங்கே குளிர்காலத்து ஜனங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வடக்கே பனிக்குப் பயந்து வருகிற கிழவன் கிழவிகள். மின்னசோட்டாவிலிருந்து லிண்ட்குவிஸ்ட் என்று ஒரு தம்பதி, எனக்கு நேர் எதிரே. அந்த அம்மாள் ஆப்பிள் பை சுட்டு ஆற வைத்திருந்தாள். ஒரு கழுதை கழுத்தை நீட்டி, தட்டை வழித்து நக்கிவிட்டு நின்றது. அவள் அழுகிறாள், அவர் படம் பிடிக்கிறார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினால் கழுதை என்னைப் பார்த்து ஏப்பம் விடுகிறது.

வடக்கு ஓடையில் வெள்ளைத்தலைக் கழுகு ஜோடி கூடு கட்டுகிறது. மிதவைகளைப் போட்டுப் படகு போகாமல் அடைத்துவிட்டார்கள். காலையில் தூரநோக்கியோடு ஒரு கும்பல் மூச்சு விடாமல் நிற்கும். ஆண் கழுகு ஒரு குச்சியைக் கொண்டுவந்து வைக்கிறது, பெண் கழுகு அதை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறது. எனக்கு அந்தப் பெண் கழுகைப் பிடித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினான்காம் இடத்தில் என் பச்சை நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். ஆமாம், போர்டு எழுதியவள்தான். லிண்ட்குவிஸ்ட்டுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். நேற்று வந்து கேட்டார்.

“ஏம்மா, ரொம்ப நாளா அங்க நாற்காலி மட்டுந்தான் தங்கியிருக்கு?”

“ஆள் வருவாங்க.”

“எப்ப?”

“நாற்காலி ஒண்ணும் அவசரப்படலையே. உங்களுக்கு என்ன அவசரம்?”

மனிதர் நேராக ரேஞ்சரிடம் போய்விட்டார். வார்ட்லோ வந்தார்.

“டெல்ஃபினா, போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“நாற்காலி இடம் பிடிக்காதுன்னு.”

“அப்ப அது என்ன?”

“பெயின்ட் அடிச்சேன். காயுது.”

அவர் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் எத்தனை நாள் பெயின்ட் காயும்? டிசம்பர் முதல் வாரம் வந்துவிடு.

உன் அக்கா,
டெல்ஃபினா


குளோப்,
13 டிசம்பர் 1988

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி நலம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நேற்று மாதா திருவிழா. ஊர்வலத்தில் உன்னைக் கேட்காத ஆளில்லை. ‘அக்கா மீன் பிடிக்கப் போயிருக்கிறாள்’ என்றேன், ஒருத்தரும் நம்பவில்லை.

பிக்கப் சரியாகிவிட்டது. ஆனால் இந்த மாதம் வர முடியாது போலிருக்கிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சில வேலைகள். நேரில் சொல்ல வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. அதற்கு இப்போது அவசரமில்லை.

கோபித்துக்கொள்ளாதே. காஸ் வண்டி ஓட்டும் லாலோ உன் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி டமாலே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் நீ ஊரில் இல்லாததால் நம் வீட்டில் சோளமாவு பிசைந்து கறி வைத்துக் கட்ட ஆளில்லை. கோயில் கடையில் வாங்கினேன். ஈரத்துணி சுற்றி அவித்துச் சாப்பிடு. எதிர்வீட்டு அம்மாளுக்கும் இரண்டு கொடு, கழுதை தின்ற பலகாரத்துக்குப் பதிலாக.

நாற்காலியை உள்ளே எடுத்து வை அக்கா. உனக்குக் கெட்ட பேர் வரவேண்டாம்.

அன்புடன்,
ரொஹேலியோ


பாலோ செக்கோ,
19 டிசம்பர் 1988

ரொஹேலியோவுக்கு,

நான் நலம். பெட்டி வந்தது.

கோயில் கடையில் வாங்கினாயா? சோளத்தோலைப் பிரிக்கும் முன்பே முடிச்சைப் பார்த்துவிட்டேன். இரட்டை முடிச்சு. கடித்தேன். கறிக்கு நடுவே ஆலிவ் காய் இருக்க வேண்டிய இடத்தில் உலர்திராட்சை. நம் ஊரில் டமாலேயில் திராட்சை வைக்கிறவள் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் என் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் அவள் நின்ற வருஷங்களையெல்லாம் நீ மறந்திருக்கலாம். திருவிழாப் பானை முழுவதிலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திராட்சையைப் போட்டு, என்னை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தவள் ஒஃபேலியா புஸ்தோஸ். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவளோடு நான் பேசியதில்லை.

இஸ்திரி போட்ட சட்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. வீடு துடைத்து வைத்தாற்போல இருப்பதும் புரிகிறது. நான் மண்டு, லாண்டரி என்று நினைத்தேன்.

மீதி டமாலேயைக் கழுதைகளுக்குப் போட்டுவிட்டேன். கழுதைகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது பூங்கா விதி. அன்று விதியைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. நாற்காலியையும் எடுத்துவிட்டேன்.

வார்ட்லோ சொன்னார், வடக்கு மலையில் ஒரு பூங்காவில் கோடைக்கு ஆள் தேடுகிறார்களாம். அங்கே பைன் மரக்காடு, ஜூலையிலும் கம்பளி போர்த்த வேண்டுமாம். போகலாம் என்று இருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.
டெல்ஃபினா


குளோப்,
15 ஜனவரி 1989

என் அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. நாலு முறை எழுத உட்கார்ந்து நாலு முறையும் தாளைக் கசக்கிப் போட்டேன். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் கெட்டது நிஜம், ஆனால் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. நான் வராததற்கு ஒஃபேலியாதான் காரணம். அவள் தடுக்கவில்லை. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் உன் எதிரே வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல மீன் பிடிக்க என்னால் முடியாது. அவளைக் கூட்டிக்கொண்டு வரவும் தைரியமில்லை. ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பாய். நீ கிளம்பிய வாரத்தில் ஆலை வாசலில் முதுகு பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் எழுந்து வந்து, “உங்க அக்கா ஊர்ல இல்லன்னதும் ஆட்டம் போட்டீங்களா?” என்றாள். வீடு வரை கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். வாசலோடு திரும்பிவிட்டாள். ‘டெல்ஃபினா வீட்டுக்குள் அவங்க கூப்பிடாம நான் வரமாட்டேன்’ என்றாள். இன்றைக்கு வரைக்கும் உள்ளே வந்ததில்லை. சட்டையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் துவைக்கிறாள். வீட்டைத் துடைத்தது நான்தான். அதையாவது நம்பு.

வடக்கு மலை என்று எழுதியிருக்கிறாயே, அது என்னைக் குத்தத்தான் எழுதினாய் என்றால் சரி, குத்திவிட்டது. நிஜமாகவே போவதென்றால் கேள். உனக்கும் பிள்ளைகள் இல்லை, எனக்கும் இல்லை. நீ மே மாதம் வீட்டுக்கு வரவில்லை என்றால் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ‘அப்படித்தான் சொல்லணும்’ என்றாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரொஹேலியோ


குளோப்,
17 பிப்ரவரி 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. லாலோவைக் கேட்டால் ‘நல்லா இருக்காங்க, என்னைத்தான் திட்டினாங்க’ என்கிறான். திட்டுகிறாய் என்றால் சுகமாகத்தான் இருக்கிறாய்.

ஒஃபேலியா அண்ணன் மகனின் காரை வாங்கிக்கொண்டு யூமாவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறாள். எதற்குத் திடீரென்று தங்கை ஞாபகம் என்று தெரியவில்லை. நீயும் எழுதவில்லை, அவளும் இல்லை. நான் கறுப்பு பீன்ஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வரி போடு.
ரொஹேலியோ


பாலோ செக்கோ,
21 பிப்ரவரி 1989

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ பீன்ஸ் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒஃபேலியா யூமாவுக்குப் போகவில்லை. இங்கே இருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கழிப்பறையைக் கழுவிவிட்டு வாளியோடு வருகிறேன். பதினான்காம் இடத்தில், என் பச்சை நாற்காலியில், ஒரு பொம்பிளை காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கிழிந்த கூடாரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. பின்பக்கமாகப் பார்த்ததில் ஆள் தெரியவில்லை.

“அம்மா, அது புடிச்சு வெச்ச இடம்” என்றேன்.

“யாருக்கு?” அவள் திரும்பவில்லை. குரலிலேயே தெரிந்துவிட்டது.

“என் தம்பிக்கு.”

“போர்டுல நாற்காலி இடம் பிடிக்காதுன்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்து மாதிரி இருக்கு. ‘டி’க்கு மேல அந்தச் சுழி.”

“எந்திரி ஒஃபேலியா.”

“ராத்திரி படுத்தாத்தான் இடம்னு ரேஞ்சர் சொன்னாரு. நான் படுக்கத்தான் வந்திருக்கேன். சட்டப்படி காலையில இது என் இடம். உங்க தம்பி வந்தா என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்.”

லிண்ட்குவிஸ்ட் எதிரே நின்று கைதட்டாத குறைதான். நான் விதியைக் காக்கிறவள். என்ன செய்ய முடியும்? பதிவுச் சீட்டை எடுத்து வந்து அவள் பெயரை எழுதினேன். என் கையால்.

இரண்டு நாள் பேச்சில்லை. அவள் கரையில் நின்று தூண்டிலில் பாலாடைக்கட்டித் துண்டைக் குத்திப் போட்டாள். அதற்கு மீன் வராது என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு கெளுத்தி மாட்டியது. இழுக்கத் தெரியாமல் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். நான் வலையோடு ஓடினேன். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைத் தூக்கினோம். என் கை நீளம் இருக்கும். கரைக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் பேச மூச்சில்லை. சிரிப்புத்தான் வந்தது. சிரித்துவிட்டதால் அப்புறம் பேசாமலிருக்க முடியவில்லை.

மீனை வறுத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், “ஏன் அன்னைக்கு எல்லாத்துலயும் திராட்சையப் போட்டே?”

“ஆலிவ் தீந்து போச்சு டெல்ஃபினா. பானை பாதி கூட ஆகல. ஜனங்க வரிசையில நிக்கறாங்க. உங்ககிட்ட வந்து சொல்லப் பயம்.”

“சரி. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் ஏன் போட்டே?”

“நீங்க பேசாம இருந்தீங்க. நானும் போட்டுக்கிட்டே இருந்தேன்.”

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உன்னிடம் இரண்டு பொய் சொன்னேன். டமாலேயைக் கழுதைக்குப் போடவில்லை, நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நாற்காலியை எடுக்கவும் இல்லை.

நீ அவளைக் கல்யாணம் செய்துகொள். எனக்குக் கோபமில்லை. நம் வீட்டுக்குள் வரச் சொல்லி அவளை நானே கூப்பிட்டுவிட்டேன். அவள் நல்லவள், பிடிவாதக்காரி. உனக்கு அப்படி ஒருத்தி இருப்பதுதான் நல்லது. வடக்கு மலையைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அன்புடன்,
டெல்ஃபினா


பாலோ செக்கோ,
அதே நாள்

ரொஹேலியோ அவர்களுக்கு,

உங்கள் அக்கா எழுதிய உறையிலேயே இதையும் வைக்கிறேன். அவர் படிக்கவில்லை. படிக்க ஆசைப்பட்டார்.

நான் நலம். தங்கையைச் சாக்காகச் சொன்னதற்கு மன்னிக்கவும். நீங்கள் இப்போது புறப்பட்டு வரவேண்டாம். மார்ச்சில் வாருங்கள். கழுகுக் குஞ்சு கூட்டிலிருந்து தலையை நீட்டுகிறதாம், அதைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் காட்டவில்லை. எங்களுக்குப் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. நீங்கள் வந்தால் நடுவில் பேசுவீர்கள்.

ஒஃபேலியா


குளோப்,
14 ஏப்ரல் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஒஃபேலியாவும் நலம். கல்யாணக் களைப்பு இன்னும் போகவில்லை. நீ ஆடிய ஆட்டத்தை ஊரே பேசுகிறது. பாதிரியாரையும் இழுத்துவிட்டாயே, அவர் இரண்டு நாளாக நொண்டுகிறார்.

மார்ச்சில் அந்த ஒரு வாரம் நாம் மூவரும் ஏரியில் இருந்தது என் ஆயுளுக்கும் போதும். நான் ஒரு பாஸ் மீன்கூடப் பிடிக்கவில்லை, நீங்கள் இருவரும் எனக்கு இடம் விட்டால்தானே. ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவள் சித்தி மகள் சாயோ வீட்டில் போய்ப் படுத்தாய். காலையில் நான் காப்பி போடும் முன் கிளம்பிவிட்டாய். பூங்காவில் ஆள் இல்லை என்றாய். ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்கக் கூடாதா?

நான் எழுதிக் கேட்டபோதெல்லாம் கழுகைப் பற்றிப் பதில் போடுகிறாய். நேராகவே கேட்கிறேன். மே மாதம் எந்தத் தேதி வருகிறாய்? ஆலையில் லீவு சொல்ல வேண்டும். டிரெய்லரை நீ தனியாக இழுத்து வரக்கூடாது.

ஒஃபேலியா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புத் தம்பி,
ரொஹேலியோ


பாலோ செக்கோ,
21 ஏப்ரல் 1989

அன்புள்ள தம்பிக்கும் ஒஃபேலியாவுக்கும்,

நான் சுகம், உங்கள் இருவர் சுகமும் அறிய ஆவல். பாதிரியாருக்கு என் மன்னிப்பைச் சொல்லவும். உன் தைலத்தை அவருக்குக் கொடு, புதுப் போத்தலாகத்தான் இருக்கும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. லிண்ட்குவிஸ்ட் தம்பதி நேற்றுக் கிளம்பினார்கள். போகும்போது அவர் பதினான்காம் இடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கி, நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த அக்டோபரில் முதல் ஆளாக வருவாராம். வரட்டும், பார்க்கலாம்.

கழுகுக் குஞ்சு இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கிறது. இன்னும் கிளையை விடவில்லை. நாரைகள் வடக்கே போய்விட்டன. அல்லி மாதிரி வெள்ளையாகக் கள்ளிப்பூ விரியத் தொடங்கியிருக்கிறது. மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

வார்ட்லோ வடக்கு மலைப் பூங்காவுக்கு மே பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ லீவு போட அவசரப்படாதே. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், கோடையில் எங்காவது போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். என்னால் உங்கள் திட்டம் எதுவும் மாறவேண்டாம்.

நிறைய வேலை. மறுபடி எழுதுகிறேன்.
டெல்ஃபினா


குளோப்,
2 மே 1989

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஒஃபேலியா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அந்த வெயிலில் நீங்கள் தொப்பி இல்லாமல் திரிவதாக லாலோ சொன்னான். போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கென்று தனியாக நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. உறையில் என் பெயர் மட்டும் இருந்தது, அதனால் நான் மட்டும் படித்தேன். அவர் ஆலைக்குப் போயிருந்தார். அடுப்பு முன்னால் நின்றபடியே இரண்டு தரம் படித்தேன்.

சமையலறையில் இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். கரண்டி வேண்டுமென்றாலும் நீங்களே வந்து எடுத்துக்கொள்வீர்கள், என்னிடம் கொடு என்று கேட்டதில்லை. முதல்முறையாக நீங்கள் என்னிடம் கேட்டது இதுவா? ‘உனக்குச் சிரமம் இல்லை என்றால் மட்டும்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவர் கண்ணில் பட்டிருந்தால் தாங்கமாட்டார். தன் அக்கா தன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டு எழுதினாள் என்பது அவருக்கு எந்தக் காலத்திலும் தெரியவேண்டாம். வார்ட்லோவுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள், அக்டோபருக்குச் சரி, கோடைக்கு முடியாது என்று.

இன்னொன்று. கல்யாணத்தன்று காலையில் நீங்கள் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். உள்ளே ஒரே சத்தம், யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. சாவி உங்கள் கையிலேயே இருந்ததையும் பார்த்தேன். அன்றைக்குக் கேட்க நேரமில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை டிரெய்லரை இழுக்க அவர் வருகிறார், லீவு சொல்லியாகிவிட்டது. இங்கே வந்து இறங்கியதும் நேராக உள்ளே வாருங்கள். தட்டினால் நான் திறக்கமாட்டேன்.

ஒஃபேலியா